உத்தப்புரமா, பாப்பாபட்டியா: எந்த வழி?

சமூகநீதி என்றதும் கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொள்கிறோம். பேசி மாற்றுவதா, இடித்து மாற்றுவதா என்ற இரண்டு வழிகளையும் மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கத்திலேயே பார்த்துவிட்டோம்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் பத்து வருடம் தேர்தலே நடக்காது. நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா. 2006-ல் அதிகாரிகள் ஊருக்குள் போய், உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் பேசினார்கள். அக்டோபரில் தேர்தல் நடந்தது. தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள்.

உத்தப்புரத்தில் தலைகீழ். 1989 சாதி மோதலுக்குப் பின் பட்டியல் சாதியினரின் வழியை மறித்து பிள்ளைமார் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை, மார்க்சிஸ்ட் கட்சியின் போராட்ட நெருக்கடியில், 2008 மே 6-ல் நிர்வாகம் இடித்தது. பாதை கிடைத்தது. ஆனால் பிள்ளைமார் குடும்பங்கள் பல ஊரைவிட்டு மலையடிவாரத்துக்குப் போய்விட்டன. இரு தரப்புக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாக 2011 அக்டோபர் ஆனது. நவம்பரில் பட்டியல் சாதியினர் முத்தாலம்மன் கோயிலுக்குள் போனார்கள். பூசல் அத்தோடு தீரவில்லை என்பதும் உண்மை. சுவர் இடிந்தது தி.மு.க. ஆட்சியில், ஒப்பந்தம் அ.தி.மு.க. ஆட்சியில். (மேடையில் இதைச் சேர்த்துச் சொல்ல எந்தக் கட்சிக்காரருக்கும் வாய் வராது.)

பேச்சுவழி நல்லதுதான், அந்தப் பத்து வருடக் காத்திருப்பின் விலையை மட்டும் ஒரே தரப்பு கொடுத்தது. அதனால் என் கட்சி இது: பொதுப்பாதையை மறிக்கும் சுவருக்கு நாள் பார்க்க வேண்டாம், இடித்துவிட்டுப் பேசலாம். ஐந்து வருடம் ஒருவர் ஊர் நடுவே உட்கார்ந்து நிர்வாகம் செய்ய வேண்டிய நாற்காலிக்கு, முதலில் பேச்சு.