தள்ளுவதா, கேபிள் போடுவதா, ஜம்ப் ஸ்டார்ட்டரா?

சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று சத்தம் வருகிறது, டேஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன, செல்ஃப் சுற்றவில்லை என்றால் அநேகமாக பேட்டரி இறங்கியிருக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா, அது எரிபொருள் அல்லது ஸ்பார்க் சமாச்சாரம். இங்கே சொல்லப்போகும் மூன்று வழியும் அதற்கு உதவாது.

எதற்கும் முதலில் பேட்டரி டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். லூசாக இருந்தாலோ, வெள்ளையாகப் பூத்திருந்தாலோ, சுத்தம் செய்து முறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். மூன்று பேரைக் கூப்பிட்டுத் தள்ள வைத்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது.

தள்ளி ஸ்டார்ட் செய்வதற்குக் காசு செலவில்லை, ஆள் பலம் வேண்டும். சாவி ஆனில், இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்தபடி. வண்டி ஓரளவு வேகம் பிடித்ததும் கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இது நடக்காது. பேட்டரி அடியோடு செத்திருந்தாலும் நடக்காது, ஏனென்றால் இன்றைய இன்ஜினுக்கு எரிபொருள் பம்பும் இன்ஜெக்டரும் இயங்கவே மின்சாரம் தேவை. இன்ஜின் பிடிக்கும்வரை பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல் மாதிரி இருக்கும், ஆகவே சரிவான சாலையில் இந்த விளையாட்டு வேண்டாம். எனக்கு இது கடைசி வழிதான்.

ஜம்பர் கேபிள் மலிவு, வருடக்கணக்கில் டிக்கியில் கிடந்தாலும் கெடாது. குறை என்னவென்றால், பக்கத்தில் நிற்க இன்னொரு 12 வோல்ட் வண்டியும், மனமுள்ள ஓட்டுநரும் வேண்டும். வரிசைதான் முக்கியம்: சிவப்பை இறங்கிய பேட்டரியின் பிளஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸில், கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையை நம் வண்டி இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில். அந்தக் கடைசி இணைப்பில்தான் பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும் என்பதால் பொறி அதற்குத் தள்ளி விழட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. பிளஸ், மைனஸ் மாறினால் ஃபியூஸ் போகலாம், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் போகலாம். சல்லிசாகக் கிடைக்கிறதே என்று மெல்லிய கேபிளை வாங்கினால், சூடாகுமே தவிர செல்ஃப் சுற்றாது.

கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டருக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. மாட்டி, செல்ஃப் கொடுத்தால் போதும். தனியாகவோ இரவிலோ ஓட்டுகிறவருக்கும், ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதுவும் ஒரு பேட்டரிதானே! சில மாதங்களுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்ற மறந்தால் தேவைப்படும் நாளில் கைவிட்டுவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைப்பதும் அதற்கு ஆகாது.

சரி, வண்டி கிளம்பிவிட்டது, அப்புறம்? பத்து நிமிடம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடாது. வீட்டுக்கு வந்து சார்ஜரில் ஒரு இரவு போடுவது நல்லது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இன்னும் தெளிவாகிவிடும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும்; 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். அப்போதும் 12-லேயே நின்றால் குற்றவாளி ஆல்டர்னேட்டர். அப்படிப்பட்ட வண்டியை எந்த வழியில் கிளப்பினாலும் கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றுவிடும். நேராக மெக்கானிக்கிடம் விடுங்கள்.