15 வயது காருக்கு ரேடியேட்டர் மாற்றினேன், பில்லில் பாதிதான் ரேடியேட்டர்

மூன்று மாதம் முன்பு டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏற ஆரம்பித்தது, காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் பச்சையாக ஒரு திட்டு வேறு. பார்த்தால் ரேடியேட்டரின் மேல் டாங்க் விளிம்பில் முடி மாதிரி ஒரு விரிசல். இப்போதைய ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், டாங்க் இரண்டும் பிளாஸ்டிக், நடுவில் ஒரு ரப்பர் கேஸ்கெட். வருஷக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி அந்தப் பிளாஸ்டிக் பழுப்பேறி நொறுங்கத் தொடங்கிவிடும். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயம் பற்றவைத்து இன்னும் சில வருஷம் ஓட்டலாம். இதற்கு அந்த வழி கிடையாது.

முதலில் போன பட்டறையில் லீக்கை அடைக்கும் மருந்து ஒன்றை ஊற்றினால் போதும் என்றார்கள், செலவு மிச்சம் என்று நானும் சரி என்றேன். பத்து நாள்தான் நின்றது. அந்த மருந்து விரிசலை மட்டும் பார்த்து அடைப்பதில்லை, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டரிலும் போய்ப் படியக்கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது. நடுவழியில் நிற்காமல் வீடு சேர்வதற்கு உதவலாம், அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

இரண்டாவது பட்டறையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். அவர்கள் எடுத்ததும் விலை சொல்லவில்லை. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் பம்ப் மாட்டி அழுத்தம் ஏற்றி எங்கெல்லாம் கசிகிறது என்று பார்த்தார்கள், அப்புறம் நீல நிறத் திரவத்தை வைத்து எஞ்சின் புகை கூலன்டுக்குள் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) வருகிறதா என்று சோதித்தார்கள் (வந்தால் அது மஞ்சளாகிவிடும்). ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருந்தால் புது ரேடியேட்டர் போட்டும் பிரயோஜனமில்லை, அதனால் இந்தச் சோதனை இல்லாமல் பழைய வண்டிக்கு யாரும் பணம் போடக் கூடாது என்பேன்.

எஸ்டிமேட்டை எழுதியே கொடுத்தார்கள். அதில் ரேடியேட்டர் ஏறத்தாழ பாதித் தொகை. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்புகள், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டுக்கு ஏற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), புது மூடி, கூலன்ட், லேபர் எல்லாம் சேர்ந்து மீதிப் பாதி. ஹோஸையும் தெர்மோஸ்டாட்டையும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். பழைய ஹோஸை அழுத்திப் பார்க்கச் சொன்னார் மெக்கானிக், முனையில் பஞ்சு மாதிரி அமுங்கியது. பிறகு அது வெடித்தால் மறுபடி கூலன்ட், மறுபடி லேபர். அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லிவிட்டேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. லேபரும் வண்டிக்கு வண்டி மாறும்: என் காரில் முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரை (ஏசி கேஸைக் குளிரவைக்கும் பாகம்) அதிலுள்ள கேஸை வெளியேற்றாமலே தள்ளி வைக்க முடிந்தது, சில வண்டிகளில் கேஸை எடுத்து மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கம்பெனி ஒரிஜினல் கேட்டேன், வெளி கம்பெனி தயாரிப்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வெளி தயாரிப்பையே எடுத்தேன். பழையதோடு பக்கத்தில் வைத்து நடுப்பகுதியின் தடிமனை அளந்தோம், சமமாக இருந்தது. குறை என்றால் ஃபேன் மாட்டும் ஒரு ஓட்டை சரியாகச் சேரவில்லை, கொஞ்சம் ராவ வேண்டியிருந்தது. என்னுடையது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, கியர் ஆயிலைக் குளிரவைக்கும் குழாயும் ரேடியேட்டர் டாங்குக்குள்ளேதான் போகிறது. அது உள்ளே உடைந்தால் ஆயிலும் கூலன்டும் கலந்து கியர்பாக்ஸே போய்விடும், அந்தச் செலவுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் ரேடியேட்டர் மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கூலன்டைக் காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார்கள். எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் அந்தக் கலவையில் 106 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், மூடி பிடித்து வைக்கும் அழுத்தம் அதை இன்னும் 20 டிகிரிக்கு மேல் தள்ளிவிடும். தளர்ந்த பழைய மூடியைத் திரும்பப் போட்டால் அந்த லாபம் போய்விடும், அதனால்தான் பில்லில் மிகச் சிறிய தொகையான அந்த மூடியைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரே ஒரு மனக்குறை. கூலன்ட் ஓடும் பாதையில் சிக்கிய காற்றை முழுதாக வெளியேற்றாமல் வண்டியைக் கொடுத்துவிட்டார்கள், மறுநாள் ஹீட்டரில் குளிர்ந்த காற்று, முள்ளும் ஆடியது. உடனே போனேன். மூக்குப் பக்கம் உயர்த்தி நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, குமிழ் நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்து சரிசெய்தார்கள், காசு கேட்கவில்லை. இப்போது ஏசி போட்டு நெரிசலில் நின்றாலும் முள் நடுவை விட்டு அசைவதில்லை.