எரியாத விளக்கு தின்ற பேட்டரி

நண்பர் ஒருவர் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறார். சாவி கைக்கு வந்த அன்றே என்னை அழைத்து, "உங்கள் வண்டியில் அலமாரிக்குள் விளக்கு போட்டிருக்கிறீர்களே, நானும் போடலாமா?" என்று கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. அந்த விளக்குகளோடு எனக்கு நான்கு வருடப் பகை.

எங்களுடையது 2009ஆம் ஆண்டு ஃபியட் டுகாட்டோ வேன். பின்புறம் கட்டிலுக்கு அடியில் பெரிய அறை. மின் கேபிள், தண்ணீர்க் குழாய், மடக்கு நாற்காலிகள் எல்லாம் அதற்குள்தான். ஸ்காட்லாந்தின் வடகோடியில், டர்னஸில், ஓர் அக்டோபர் மாலை மழையில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பாதி உடம்பை உள்ளே நுழைத்துக் கேபிளைத் தேடினேன். உள்ளே விளக்கு போட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தலைக்கு மேலுள்ள அலமாரிகளிலும் இதே கதைதான். கூரை விளக்கு எரிந்தாலும் நம் தலையின் நிழலே உள்ளே விழுந்து மறைத்துவிடும். எது மிளகாய்த் தூள், எது சாம்பார்ப் பொடி என்று என் மனைவி முகர்ந்துதான் எடுப்பாள்.

மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும் 12 வோல்ட் எல்இடி பட்டை வாங்கி, 30 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி எட்டு அலமாரிகளில் ஒட்டினேன். கை நுழைந்ததும் தானாக எரிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மலிவான சென்சார். முதல் கோடையில் வந்தவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து திறந்து காட்டினேன்.

நவம்பரில் ஒரு விவசாயியின் கொட்டகையில் வண்டியை நிறுத்தினோம். கூரைக்கு அடியில் என்பதால் சோலார் பலகைக்கு வேலை இல்லை. பிப்ரவரியில் போய்ப் பார்த்தால் 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 12 வோல்ட் ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரி 6 வோல்ட்டில் கிடந்தது. இரண்டு நாள் சார்ஜ் போட்டும் அது எழுந்திருக்கவில்லை.

மின்னோட்டம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். ஒரு விளக்கும் எரியாதபோதே 64 மில்லிஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. சென்சார் ஒன்றுக்கு எட்டு. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றரை ஆம்பியர்-மணி. இரண்டு மாதத்தில் தொண்ணூறைத் தாண்டிவிடும். ஓர் அலமாரி விளக்கு தினம் ஐந்து நிமிடம் எரிந்தால் 0.01 ஆம்பியர்-மணிதான் ஆகும். அதற்குக் காவல் நிற்கும் சென்சாரோ இருட்டிலேயே உட்கார்ந்து 0.19 தின்கிறது. வீட்டுக்காரனைவிடக் காவல்காரனுக்குப் பத்தொன்பது மடங்கு சாப்பாடு! "குறைந்த மின்சாரம்" என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்தவர் எதை அளந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் என் தவறும் உண்டு. கட்டுப்பாட்டுப் பலகையின் முதன்மை சுவிட்ச் வழியாக இணைக்காமல், ஃபியூஸ் ஒன்றைப் போட்டு நேரே பேட்டரியில் கொடுத்துவிட்டேன். ஒரு மில்லிஆம்பியர்கூட இழுக்காத சென்சார்களும் கடையில் இருக்கின்றன. நான்தான் விலையைப் பார்த்தேன்.

இரண்டு பட்டைகள் அடுத்த வருடமே மஞ்சளடித்தன. இவற்றில் மூன்று எல்இடியும் ஒரு மின்தடையும் சேர்ந்தது ஒரு கண்ணி. 12 வோல்ட்டில் கணக்குச் சரி. வண்டி ஓடும்போது சார்ஜ் 14.4 வரை ஏறும். மிச்ச வோல்ட் முழுவதும் அந்த மின்தடையின் தலையில் விழுவதால் மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வண்டி விளக்குக்கு 10 முதல் 30 வோல்ட் வரை தாங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று ஒருவரும் முன்பே சொல்லவில்லை.

புதுப் பேட்டரிக்குக் காசு கொடுத்த கையோடு சென்சார்களைப் பிடுங்கி எறிந்தேன். அந்த இடங்களில் காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்ச் போட்டேன். கதவில் காந்தம், சட்டத்தில் சுவிட்ச். காந்தம் விலகினால் எரியும், நெருங்கினால் அணையும். அணைந்திருக்கும்போது ஒரு துளி மின்சாரமும் போகாது. வாங்கும்போது காந்தம் விலகினால் இணைப்புக் கொடுக்கும் வகைதானா என்று மட்டும் பாருங்கள். மாறிப்போனால் கதவு மூடியதும் எரியத் தொடங்கும்.

நான் எதிர்பாராத நன்மை ஒன்று இதில் கிடைத்தது. காந்தத்தைச் சற்றே தள்ளி, சுவிட்ச் அதை உணரும் தூரத்தின் எல்லையில் வைத்தேன். இப்போது தாழ் முழுதாக விழாத அலமாரியின் இடுக்கில் வெளிச்சக் கோடு தெரியும். முன்பு ஒரு ரவுண்டானாவில் கதவு திறந்துகொண்டு இரண்டு கிலோ துவரம்பருப்பு தரையெங்கும் கொட்டியிருக்கிறது. மாதக்கணக்கில் இருக்கைக்கு அடியிலிருந்து பருப்பு பொறுக்கினோம். இப்போது கிளம்புமுன் திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும். இதற்காகவே இந்த ஏற்பாட்டுக்குக் கோயில் கட்டலாம்.

ஆனால் எல்லையில் வைத்த காந்தம் மோசமான சாலையில் சும்மா இருக்காது. ஒவ்வொரு குழிக்கும் எட்டு அலமாரிகளும் மின்னும். இரவில் ஸ்காட்லாந்தின் ஒற்றைத் தடச் சாலையில் ஓட்டும்போது முதுகுக்குப் பின்னால் தீபாவளி. காந்தத்தை உள்ளே தள்ளினால் மின்னல் நிற்கிறது, வெளிச்சக் கோடும் போய்விடுகிறது. ஒரு மில்லிமீட்டர் இப்படி, ஒரு மில்லிமீட்டர் அப்படி என்று இரண்டு வருடமாக நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.

நண்பரிடம், "போடாதீர்கள், தலையில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதையே வாங்கிவிட்டார். எங்கள் வண்டியில் துணி அலமாரி மட்டும் இன்னும் இருட்டாக இருக்கிறது. சனிக்கிழமை மழை இல்லையென்றால் அதற்கும் ஒன்று போடுகிறேன்.