காணொளியில் டாக்டர்: அந்தரங்கப் பிரச்சனைகளுக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது?

2020 மார்ச்சில் கோவிட் காரணமாக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதுதான் காணொளி அழைப்பில் டாக்டரைப் பார்க்கத் தொடங்கினேன். ஆணை போன பிறகும் விடவில்லை. கர்ப்பத்தடை மாத்திரை, வெள்ளைப்படுதல், உறவின்போது வலி என்று எதுவானாலும் முதலில் கைத்தொலைபேசியைத்தான் எடுக்கிறேன். செந்தூலில் எங்கள் பக்கத்துக் கிளினிக்கில் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகங்கள். முகப்பிலேயே மிஸ்ஸி (தாதி) சத்தமாக "என்ன பிரச்சனை?" என்பார். அதற்குப் பயந்தே மாதக்கணக்கில் அரிப்பைப் பொறுத்துக்கொள்ளும் பெண்களை எனக்குத் தெரியும்.

மாத்திரை விஷயத்தில் முழுத் திருப்தி. டாக்டர் இரத்த அழுத்தத்தை அளந்து சொல்லச் சொன்னார், தலைவலி உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். தலைவலி வருவதற்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் ஓடும் என்றேன். உடனே ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி, புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ளதற்கு மாற்றினார். இப்படிப்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பக்கவாத அபாயத்தைக் கூட்டுமாம். கடையில் வாங்கி விழுங்கிய காலத்தில் யாரும் அதைக் கேட்டதே இல்லை.

வெள்ளைப்படுதலில்தான் அவதிப்பட்டேன். பூஞ்சைத் தொற்று என்று குளோட்ரிமசோல் அனுப்பினார்கள். குணமாகவில்லை. மறுபடி அழைத்தால் வேறு டாக்டர், அதே மருந்து. மீன் வாடை அடிக்கிறது என்று இருவரிடமும் சொன்னேன், காதில் விழவில்லை. கடைசியில் நேரில் போய் மாதிரி எடுத்துப் பார்த்தால் பாக்டீரியல் வஜினோசிஸ், அதாவது பூஞ்சை இல்லை, பிறப்புறுப்பில் பாக்டீரியா பெருகிப்போவதால் வருவது. மெட்ரோனிடசோல் ஒரு வாரம் சாப்பிட்டதும் சரியானது. இந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. மருந்து கொடுத்தும் அடங்காத வெள்ளைப்படுதலுக்குச் சோதனை செய்யாமல் அதே மருந்தை எழுதவே கூடாது. அடிவயிற்று வலி, காய்ச்சல், புண் இருந்தால் காணொளிக்காகக் காத்திராமல் நேரே போய்விடுங்கள். கொனோரியா, சிபிலிஸ் போன்ற பால்வினை நோய் என்றால் பெரும்பாலும் ஊசிதான், அதற்கு எப்படியும் போயாக வேண்டும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு மலாயாப் பல்கலைக்கழகம் 2018-இல் தொடங்கிய ரோஸ் திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமி இருக்கிறதா என்று பார்க்க மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கலாம், முடிவு கைத்தொலைபேசிக்கே வரும். டாக்டர் கருப்பைவாயில் மாதிரி எடுக்கும் பாப் ஸ்மியர் என்றாலே கூசி ஒதுங்கும் என் நாத்தனாரைக் கூட்டிப் போனேன். மறைப்புக்குப் பின்னால் போனவள் கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்து, "இவ்வளவுதானா அண்ணி?" என்றாள். கிருமி இருப்பதாக முடிவு வந்தால் மட்டும் மேற்கொண்டு மருத்துவமனைப் பரிசோதனை.

வீட்டில் இருந்தபடி பேசலாம் என்பதும் எல்லாருக்கும் வசதி இல்லை. அடுக்குமாடி வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும் இருக்கும்போது இதையெல்லாம் எப்படிப் பேசுவது? நான் கீழே இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்து பேசுவேன். இப்போது நான் பார்க்கும் டாக்டர் எடுத்தவுடன், "பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், போதும்" என்பார். அதற்காகவே அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் ஒன்று, முன்பதிவு செய்யும்போதே தமிழ் பேசும் பெண் டாக்டர் வேண்டும் என்றும், பொட்டலத்தின் மேல் மருந்துப் பெயர் தெரியக் கூடாது என்றும் எழுதிவிடுங்கள். கேட்டால் செய்து தருகிறார்கள்.