லில்லிச் செடிகளுக்கு வேப்பெண்ணெய்: சில வருட அனுபவம்

எங்கள் வீட்டில் ரெயின் லில்லி, ஸ்பைடர் லில்லி, அமரிலிஸ், கிரினம் எல்லாம் இருக்கின்றன. வேலியோரம் ஒரு செங்காந்தள் கொடியும் உண்டு. இத்தனைக்கும் பொதுவான எதிரி லில்லிப் புழு. கறுப்பு உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சுமாகப் புள்ளிகள் இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். கிரினம், அமரிலிஸ் செடிகளில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, செங்காந்தளில் கோல்கிசின் இருக்கிறது. இந்தப் புழுவை இரண்டுமே தடுப்பதில்லை. மழைக்குப் பிறகு இலைகள் தளதளவென்று வரும் நேரம் பார்த்துக் கூட்டமாக வந்து தண்டு வரை தின்றுவிடும்.

இதற்கு நான் தொடர்ந்து பயன்படுத்துவது வேப்பெண்ணெய். நல்ல மருந்துதான், ஆனால் அடிக்கும் நேரம் தவறினால் பலன் பாதிகூட இருக்காது. அதிலுள்ள அசாடிராக்டின் புழுவை உடனே கொல்வதில்லை. தின்னும் ஆசையைக் குறைக்கும், தோல் உரித்து வளர்வதைக் கெடுக்கும். அதனால் பொடிப் புழுக்களிடம் நன்றாக வேலை செய்கிறது. விரல் நீளம் வளர்ந்த புழுவின் மேல் எவ்வளவு அடித்தாலும் அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். அவற்றைக் கையுறை போட்டுப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் வழி.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய் என்பது என் அளவு. முதலில் எண்ணெயில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலை விட்டு நன்றாகக் கலக்கி, அப்புறம் தண்ணீர் சேர்க்க வேண்டும். பால் போல வெளுத்தால் சரி. எண்ணெய் தனியாக மிதந்தால் அடிக்காதீர்கள், இலை கருகும். வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் சாயங்காலம்தான் தெளிப்பேன், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி. வாரம் ஒரு முறை போதும். பலத்த மழை பெய்தால் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்துவிடும், பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும்.

மாவுப்பூச்சிக்கு இதைவிட நல்ல பலன் கிடைத்தது. இலை கிழங்கோடு சேரும் இடுக்கில்தான் அது ஒளிந்திருக்கும், அங்கே பீய்ச்சி அடிக்க வேண்டும். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். எறும்பு இருக்கும்வரை மாவுப்பூச்சி திரும்பத் திரும்ப வரும்.

வேப்பெண்ணெய் சுத்தமாக எடுபடாத இடம் ஒன்று உண்டு. கிரினத்தில் சில புழுக்கள் இலையைக் குடைந்து உள்ளே போய்விடும். இலையில் கண்ணாடி போலத் திட்டுகள் தெரியும். மேலே அடிக்கும் மருந்து உள்ளே போகாது. அந்த இலையை அடியோடு வெட்டி அழித்துவிடுங்கள், தாமதித்தால் புழு கிழங்குக்குள் இறங்கிவிடும். கிழங்கு அழுகினால் செடியே போச்சு.

எண்ணெய் வாடை வீட்டுக்குள் வருகிறது என்பவர்கள் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியாத் தூளைப் பயன்படுத்தலாம். அதுவும் புழு தின்றால்தான் வேலை செய்யும், மாவுப்பூச்சிக்கு உதவாது. நான் வேப்பெண்ணெயையே தொடர்கிறேன், ஒரே பாட்டில் இரண்டுக்கும் ஆகிறது. கூடவே தொட்டி மண்ணை அவ்வப்போது லேசாகக் கிளறிக் கூட்டுப்புழுக்களை எடுத்துவிடுகிறேன். இந்தப் புழு மண்ணுக்குள் போய்த்தான் கூடு கட்டுகிறது, அதை விட்டுவைத்தால் அடுத்த கூட்டம் அங்கிருந்தே கிளம்பும்.