யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய ஹைலக்ஸைச் சுத்தம் செய்த அனுபவம்

யாழ்ப்பாணத்தில் பழைய பிக்கப்பை எளிதில் கைவிடுவார் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊரிலிருந்த வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனதால், வேறு நாட்டில் பழைய இரும்புக்குப் போயிருக்கக்கூடிய வண்டிகள்கூட இங்கே குடும்பச் சொத்தாகிவிட்டன. விடுமுறைக்கு வரும் எங்களில் பலர் மாமாவின் வண்டியையோ சித்தப்பாவின் வண்டியையோ ‘ஒருக்கால் நல்லாச் செய்து விடுவம்’ என்று கொண்டுபோய், மேற்பூச்சுப் பளபளப்புக்கே காசு முழுவதையும் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறோம். அந்தக் காசு போகவேண்டிய இடம் வண்டியின் அடிப்பகுதி என்பதை இந்த முறை கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாமாவின் வண்டி 1990களின் வெள்ளை நிற ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கப். 2779 சிசி கொள்ளளவுள்ள 3எல் டீசல் எஞ்சின். நான்கு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிவிட்ட பின்னும் அது வெங்காய மூட்டைகளையும் எருவையும் சலிக்காமல் சுமக்கிறது. தோட்டத்துக்கும் மருதனார்மடம் சந்தைக்கும் ஓடுவது போக, வாரத்தில் ஒருமுறையாவது கடலின் குறுக்கே தீவுப்பகுதிக்குப் போகும் பண்ணைப் பாலத்தைத் தாண்டி ஊர்காவற்றுறைக்கும் போய்வருகிறது. இந்தப் பாதைகளே இந்த வண்டியின் நோய்களைச் சொல்லிவிடும். வலிகாமத்துச் செம்மண் மிக நுண்ணியது. ஈரத்தோடு ஒட்டி, காய்ந்து இறுகி, அடுத்த மழையில் மீண்டும் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு அணைத்து வைத்திருக்கும். பண்ணையில் இரு பக்கமும் கடல். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் உப்புத் திவலை நேராக வண்டியின் அடியில் வந்து படியும். கழுவுவதற்குக் கிடைக்கும் கிணற்று நீரோ சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது; வெயிலில் அப்படியே காயவிட்டால் கண்ணாடியிலும் பூச்சிலும் வெள்ளைப் புள்ளிகளாகக் கல்சியம் படிந்துவிடும்.

முதலில் விசாரித்த சேர்விஸ் நிலையம் ஒன்றில், வண்டியைச் சுற்றிப் பார்த்த இளைஞர் பூச்சின் மேற்பரப்பை மெஷினால் தேய்த்துப் பளபளப்பாக்கும் கட் அண்ட் பொலிஷுக்கு ஒரு விலையும், அடியில் டீசல் அடித்துக் கழுவிக் கழிவு ஒயில் தெளிப்பதற்கு இன்னொரு விலையும் சொன்னார். இது பல காலமாக நடக்கும் வழக்கம்தான் என்றாலும் நான் உடன்படவில்லை. டீசலும் ஒயிலும் சஸ்பென்ஷனின் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களை ஊதச் செய்து மென்மையாக்கிவிடும்; இத்தனை ஆண்டு ஓடிய வண்டியில் அந்த ரப்பர்கள் ஏற்கெனவே வெடித்திருக்கின்றன. அதைவிட மோசமானது, முழுமையாக நீங்காத மண்ணின் மேல் ஒயிலைத் தெளிப்பது. அது ஈரத்தை வெளியேற்றாமல் மூடிவைப்பதோடு, மறுநாள் தோட்டப் பாதையில் எழும் தூசி அத்தனையையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் வீதிக்கு உப்பிடும் கனடாவில் நாங்களும் ஆண்டுதோறும் வண்டியின் அடிக்குத் துரு தடுக்கும் ஒயில் அடிப்பிக்கிறோம். ஆனால் அது அதற்கென்றே செய்யப்பட்ட மெல்லிய திரவம், அதைக் காய்ந்த இரும்பின்மீது அடிக்கிறார்கள். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஒயிலை அதற்கு ஈடாகக் கொள்ள முடியாது.

மாமாவுக்குத் தெரிந்த மெக்கானிக் காட்டிய இரண்டாவது இடம் பார்வைக்கு எளிமையானது: வண்டியை உயர்த்தும் ஒரு ஹொயிஸ்ற், ஒரு கொம்பிரசர், தகரக் கூரை. அங்கே வேலை பார்க்கும் பெரியவரிடம் நான் பொலிஷ் பற்றிப் பேச்செடுத்தபோது, ‘தம்பி, பொலிஷைப் பிறகு பாப்பம். முதல்ல கீழ எவ்வளவு மண் கிடக்கெண்டு வந்து பாருங்கோ’ என்று வண்டியை உயர்த்திக் காட்டினார். பின் ஸ்பிரிங் பட்டைகளுக்கு மேலே, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டகமான சேசிஸின் குறுக்குச் சட்டங்களில், டீசல் தாங்கியின் காப்புத் தகட்டின் உள்ளே என்று மண் கட்டிகட்டியாக இறுகிக் கிடந்தது. அவர் உடனே பிரஷர் கன்னைத் தூக்கவில்லை. குறைந்த அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சி நெடுநேரம் ஊறவிட்டு, மரச் சீவலால் சுரண்டி, அதன் பிறகே அழுத்தத்தைக் கூட்டினார். இறுகிய மண்ணின் மேல் எடுத்த எடுப்பில் அழுத்தத்தோடு அடித்தால் மேற்பகுதி மட்டும் சிதறி, உள்ளே இருப்பது மூலைகளுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளப்படும் என்பது அவருடைய விளக்கம். ஹைலக்ஸின் சேசிஸ் உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி வடிவம் என்பதால், பக்கத் துளைகளின் வழியே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, மறுமுனையில் சிவந்த நீர் தெளிந்து வரும்வரை உள்ளேயும் கழுவினார்.

கதவுகளில் அவர் செய்ததை எல்லோரும் கேட்டுச் செய்விக்க வேண்டும். ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் மழைநீர் வடிவதற்குச் சிறு துளைகள் உண்டு. சாரதி பக்கக் கதவில் அவை இருக்குமிடமே தெரியவில்லை. மழுங்கிய கம்பி ஒன்றால் அவர் மெதுவாகக் குத்தியதும், செஞ்சேறும் மக்கிய வேப்பஞ்சருகும் கலந்த நீர் வழியத் தொடங்கி, சிறிது நேரம் நிற்காமல் ஓடியது. மழை பெய்து எத்தனையோ வாரங்களாகியும் அந்தக் கதவு உள்ளே தண்ணீரைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. கதவுகள் அடியிலிருந்து உக்குவதன் காரணம் இதுதான். வைப்பருக்குக் கீழுள்ள காற்றுவழிப் பள்ளத்திலும் அதே சருகு அடைந்திருந்தது. வேம்பின் நிழலில் வண்டியை நிறுத்துகிறவர்கள் அந்த இடத்தை மாதம் ஒருமுறை கையால் அள்ளிவிடுவது நல்லது.

கழுவி முடித்ததும், எஞ்சினின் விசையைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் புறொப்பெலர் சாப்ட்டின் மூட்டுகளில் உள்ள நிப்பிள்கள் எனப்படும் சிறு முனைகள் வழியே கிறீஸ் அடித்தார்கள். மூட்டுகளின் ஓரங்களிலிருந்து பழைய கிறீஸும் அதனுடன் நீரும் வெளியேறி, புதியது தலைகாட்டும்வரை விடவில்லை. அழுத்த நீர் மூட்டுகளுக்குள் புகுந்துவிடும் என்பதால் இந்த வேலை கழுவலுக்குப் பின்னரே நடக்க வேண்டும். சில இடங்களில் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். எஞ்சின் பகுதியை முழுவதும் ஆறிய பிறகே தொட்டார்கள். மின்சாரப் பாகங்களான ஓல்ரனேற்றரையும் ஸ்ராட்டரையும் பொலித்தீன் சுற்றி மூடி, தூரிகையாலும் ஈரத் துணியாலும் துடைத்தார்கள். சூடான டீசல் பம்பின்மேல் குளிர்நீரைப் பாய்ச்சக் கூடாது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதை இவர்கள் கேட்டு நடக்கிறார்கள் என்பதே எனக்கு நிறைவாக இருந்தது.

உள்பகுதிக்கு ஆசனங்களைக் கழற்றாமல் வேலை இல்லை. பதினாலாம் நம்பர் போல்ட்டுகள்தான், கழன்றுவிடும். ஆனால் பெரும்பாலான இடங்களில் அந்தச் சிரமத்தை எடுப்பதில்லை. வெங்காயச் சருகு, சில்லறைக் காசு, பழைய பற்றுச்சீட்டு எல்லாம் வந்த பிறகு, கம்பளத்துக்குக் கீழே இருந்த சணல் விரிப்பு தொட்டால் ஈரமாக இருந்தது. வண்டிக்குள் நீண்ட காலமாக இருந்த புளித்த வாசனை அங்கிருந்துதான் வந்தது. வாசனைத் திரவியம் எதைத் தெளித்தாலும் அது போயிருக்காது. விரிப்பை எடுத்ததும் சாரதியின் கால் வைக்கும் இடத்தில் தகடு உக்கியிருந்தது தெரிந்தது. மேலே ஷாம்பு போட்டு மூடிவிடாமல் எங்களைக் கூப்பிட்டுக் காட்டி, அருகிலிருந்த ரிங்கரிங் (தகட்டு வேலை) பட்டறையில் துண்டு வைத்து ஒட்டுவித்து, துரு தடுக்கும் பூச்சுப் பூசிக் காய்ந்த பிறகே மற்ற வேலையைத் தொடர்ந்தார்கள். ஆசனத் துணியில் நிறைய நீர் விடாமல் நுரையை மட்டும் தேய்த்து உறிஞ்சி எடுத்தார்கள். ஓகஸ்ட் மாதத்துச் சோளகக் காற்றில் எல்லாம் நன்றாக உலர்ந்தது. மார்கழி விடுமுறைக்கு வருகிறவர்கள் இந்த வேலையை யோசித்தே செய்விக்க வேண்டும். மாரிக் காலத்தில் உலராத பஞ்சு முன்பைவிட மோசமாக மணக்கும்.

பூச்சைப் பொறுத்தவரை, இந்த வெள்ளை நிறத்தின்மேல் தெளிந்த மேற்படலம் கிடையாது. நிறமே வெயிலில் சுண்ணாம்புபோல் பொரிந்து கையில் ஒட்டுகிறது. பொலிஷ் மெஷினின் பஞ்சு வெள்ளையாக மாறுகிறது என்றால் நாம் பூச்சையே தேய்த்தெடுக்கிறோம் என்று பொருள். இருப்பது மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவே. எனவே மிக மென்மையான பொலிஷைக் கையால் ஒருமுறை தேய்த்து, மெழுகிட்டதோடு நிறுத்திக்கொண்டோம். விளிம்புகளில் மெஷினை வைக்கவே வேண்டாம் என்று பெரியவரே சொல்லிவிட்டார். கண்ணாடிகளில் இருந்த சுண்ணாம்புப் புள்ளிகள் நீர் கலந்த வினாகிரியில் கரைந்தன. வண்டி புதிதுபோல் மின்னவில்லை. தன் வயதுக்குத் துப்புரவாக இருக்கிறது. எனக்கு அதுவே சரி.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது; காலங்காலமாக நம்பியிருப்பது கிணற்றைத்தான். வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லின்மேல் ஒயிலும் டீசலும் கலந்த கழிவுநீரை விட்டால் அது யாரோ ஒருவரின் கிணற்றுக்குப் போய்ச் சேரும். இந்த இடத்தில் கழிவுநீர் அடுத்தடுத்த சீமெந்துத் தொட்டிகளில் தேங்கி, மேலே மிதக்கும் ஒயில் தனியே அள்ளப்படுகிறது. வண்டியைக் கொடுக்கும் முன் நீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். நேரே வெளிக் காணுக்குள் போகிறது என்றால் வேறு இடம் தேடுங்கள். அங்கே குறையாகப்பட்டது, பொடியன்மார் வெறுங்கையோடும் வெறுங்காலோடும் இரசாயனங்களுக்கு நடுவே நின்றதுதான். இதை முதலாளியிடம் சொன்னேன்; அடுத்த நாள் கையுறைகள் வந்திருந்தன, சப்பாத்து வரவில்லை.

ரிங்கரிங் வேலை நீங்கலாக 35,000 ரூபாய் கேட்டார்கள்; பேரம் பேசவில்லை, பேசவும் தேவையில்லை. நேரத்தைத்தான் தாராளமாகக் கொடுக்க வேண்டும்: நாளை தருகிறோம் என்று சொன்ன வண்டி அதற்குள் வராது, உலரும் வேலையை அவசரப்படுத்தவும் கூடாது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊர் முழுவதும் வெளிநாட்டுக்காரர் நிறைந்திருப்பதால், முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் இடம் கிடைக்கும். புறப்படும்போது பெரியவர் மாமாவிடம், ‘அண்ணை, பண்ணைக்குப் போய் வந்தா அண்டைக்குப் பின்னேரமே கீழுக்கு நல்ல தண்ணி அடிச்சு விடுங்கோ, விடிய எண்டு வைக்காதேங்கோ’ என்றார். அதற்காக வீட்டுக் கிணற்றடியில் ஒரு நீண்ட குழாய் வாங்கிப் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.