ஸ்பேமில் சிக்கும் ஆபீஸ் மெயில்: எந்த வழி நிற்கும், எது ஆபத்து?

திருப்பூரில் ஒரு நடுத்தர எக்ஸ்போர்ட் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். பையரின் (நம்மிடம் சரக்கு வாங்கும் கம்பெனி) பர்ச்சேஸ் ஆர்டர், சாய நிறத்துக்கான லேப் டிப் அப்ரூவல், அளவு பற்றிய ஃபிட் கமெண்ட்ஸ், சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டரின் புக்கிங் கன்ஃபர்மேஷன், எல்.சி. (பேங்க் தரும் பண உத்தரவாதம்) திருத்தம் பற்றிய பேங்கின் தகவல் என எல்லாமே மெயிலில்தான் வருகின்றன. இதில் ஒன்று ஸ்பேமுக்குப் போய் இரண்டு நாள் கிடந்தாலே சாயத்துக்குப் போக வேண்டிய துணி நின்றுவிடும். கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரமான கட்-ஆஃப் தவறினால் ஏர் ஃபிரைட் செலவு நம் தலையில் விழும். "மெயில் ஸ்பேமுக்குப் போயிடுச்சு சார்" என்பதைச் சின்ன விஷயமாக விட முடியாது.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஸ்பேம் போல்டரை தினமும் பார்க்கச் சொல்வார்கள், ஃபில்டர் போடச் சொல்வார்கள், அனுப்புகிறவரின் டொமைனையே (முகவரியில் @க்குப் பின் வரும் பெயர்) வொயிட்லிஸ்ட்டில், அதாவது தடுக்காமல் விடும் பட்டியலில், ஏற்றச் சொல்வார்கள். ஸ்பேம் தடுப்பையே தளர்த்திவிடு என்பவர்களும் உண்டு. சந்தேக மெயிலைத் தனியே நிறுத்திவைக்கும் குவாரன்டைன் வைப்பது, அனுப்புகிறவர் பக்கம் கோளாறைச் சரிசெய்ய வைப்பது என்று இன்னும் இரண்டு. இவற்றை எடைபோட நான் கேட்கும் முதல் கேள்வி: மெயில் மாட்டிக்கொண்டால் அது யாருக்காவது தெரியவருமா? தெரிந்தால் பத்து நிமிடத்தில் மீட்டுவிடலாம். அனுப்பினவர் போய்ச் சேர்ந்தது என்று நினைக்க, நாம் இன்னும் வரவில்லை என்று காத்திருக்க, நடுவில் மெயில் சும்மா கிடப்பதுதான் நஷ்டம். இரண்டாவது கேள்வி: நல்ல மெயிலுக்காகத் திறக்கும் கதவு வழியாக மோசடிக்காரனும் வருவானா?

போல்டரைப் பார்ப்பதா, ஃபில்டர் போடுவதா?

செலவே இல்லாத வழி, தினம் காலையில் ஸ்பேம் போல்டரை ஒருமுறை பார்ப்பது. ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும். அதற்குள் பார்த்து 'நாட் ஸ்பேம்' அழுத்தினால் அந்த மெயில் இன்பாக்ஸுக்கு வரும். இதே மாதிரி மெயிலை அடுத்த முறை எப்படி நடத்த வேண்டும் என்று ஸ்பேம் ஃபில்டரும் கொஞ்சம் கற்றுக்கொள்ளும். ஆனால் உறுதி எதுவும் கிடையாது. அடுத்த ஆர்டர் மறுபடியும் ஸ்பேமுக்கே போகலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் ஸ்பேமும் டிராஷும் அந்தத் தேடலில் வராது. பையர் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு "வரவே இல்லை" என்று பதில் எழுதுகிறவர்கள் நிறைய. தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள விரிவான தேடலைத் திறந்து, ஸ்பேமையும் டிராஷையும் சேர்த்துத் தேடும்படி மாற்றிய பிறகுதான் வரவில்லை என்று சொல்ல வேண்டும்.

இதைவிட மோசம் பாப்3 (மெயிலை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கும் ஒரு முறை) கணக்கு. ஹோஸ்டிங் கம்பெனி கொடுத்த மெயிலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவுட்லுக் வைத்து பாப்3 முறையில் இறக்கும் ஆபீஸ்கள் இன்றும் இருக்கின்றன. பாப்3 இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும். சர்வரில் தனியாக ஒரு ஸ்பேம் போல்டர் இருந்தால் அது அந்தக் கம்ப்யூட்டரில் தெரியவே தெரியாது. வெப்மெயிலுக்குள் போய்ப் பார்த்தால் ஆறு மாதத்து மெயில் குவிந்திருக்கும். உங்கள் ஆபீஸில் பாப்3 என்றால் மற்ற எதையும் யோசிக்கும் முன், சர்வரின் மற்ற போல்டர்களையும் காட்டும் ஐமேப் முறைக்கு மாறிவிடுங்கள்.

அவரவர் ஃபில்டர் போடுவது இதைவிட ஒரு படி மேல். ஜிமெயிலில் அனுப்புநர் முகவரியைக் கொடுத்து 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' என்று டிக் செய்தால் போதும். ஸ்பேமாகத் தோன்றியும் உங்கள் ஃபில்டரால்தான் இது இன்பாக்ஸுக்கு வந்தது என்று மெயிலின் தலையிலேயே ஒரு குறிப்பு வரும். நல்ல ஏற்பாடு அது. குறை என்னவென்றால் ஃபில்டர் ஒருவருடைய பெட்டியில் மட்டும்தான் வேலை செய்யும். மெர்ச்சண்டைசருக்கு (ஆர்டர் வேலையைக் கவனிக்கும் ஊழியர்) வந்துவிட்ட ஆர்டர் அதே மெயிலில் சிசியில் இருக்கும் அக்கவுண்ட்ஸ்காரருக்கு ஸ்பேமிலேயே கிடக்கும். அந்த மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போனால், அடுத்து வருகிறவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வொயிட்லிஸ்ட்: எளிது, ஆனால் கவனம்

"பையரோட டொமைனை அப்படியே வொயிட்லிஸ்ட்ல போட்டுடுங்க" என்பதுதான் ஐ.டி. ஆளிடம் அதிகம் வரும் கோரிக்கை. இரண்டு நிமிட வேலை, ஆபீஸ் முழுக்கப் பலன். ஆனால் எனக்கு மிகவும் பயம் தருவதும் இதுதான்.

மெயிலில் 'ஃப்ரம்' என்று தெரியும் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். வெறும் பெயரை வைத்துப் போட்ட வொயிட்லிஸ்ட், அந்தப் பெயரை எழுதிக்கொண்டு வரும் எவனையும் உள்ளே விடும். "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, அடுத்த பேமெண்ட்டை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று சப்ளையர் பெயரில் வரும் மெயில் எப்படி இருக்கும் என்று ஏற்றுமதி ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்துக்கு இந்த வகை மோசடியில் 2023ஆம் ஆண்டில் மட்டும் வந்த புகார்களின் நஷ்டம் 290 கோடி டாலரைத் தாண்டியது. இப்படிப்பட்ட மெயிலை நிறுத்தக்கூடிய ஒரு காவலை நாமே எடுத்துவிடக் கூடாது.

ஆனால் எல்லா வொயிட்லிஸ்ட்டும் ஒன்றல்ல. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் இருக்கும் ஸ்பேம் அசாசின் என்ற ஸ்பேம் ஃபில்டரைப் பாருங்கள். அது ஒவ்வொரு சந்தேகத்துக்கும் புள்ளி போட்டுக் கூட்டுகிறது. இயல்பு அமைப்பில் மொத்தம் 5 வந்தால் ஸ்பேம். சாதாரண வொயிட்லிஸ்ட்டில் இருக்கும் முகவரிக்கு ஒரேயடியாக 100 புள்ளி கழித்துவிடும். அதன்பின் மெயிலில் என்ன இருந்தாலும் 5ஐத் தொடப்போவதில்லை. அதே ஸ்பேம் அசாசினில், மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சோதித்த பிறகே சலுகை தரும் இன்னொரு வகையும் உண்டு. சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் அந்த இரண்டாவது வகையைக் கேளுங்கள்.

கூகுளின் ஆபீஸ் மெயில் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸிலும் இதே வித்தியாசம் உண்டு. அங்கீகரித்த அனுப்புநர் பட்டியல் போடும்போது, அனுப்புநரின் அடையாளச் சோதனை கட்டாயம் என்ற தேர்வு இருக்கும். அதை நிறுத்தாமல் வைத்திருந்தால் போலி ஆள் பட்டியலைக் காட்டி நுழைய முடியாது. ஐபி முகவரியை (அனுப்பும் சர்வரின் இணைய எண்) வைத்து அனுமதிக்கும் தனிப் பட்டியலும் உண்டு. பையர் சொந்த சர்வர் வைத்திருந்தால் சரி. ஆயிரம் கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளும் சேவையின் ஐபியை அதில் போட்டால் அந்த ஆயிரத்துக்கும் சலுகை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் மெயில் சேவையான மைக்ரோசாஃப்ட் 365 இதில் இன்னும் கறார். ஆபீஸ் அளவிலான அனுமதிப் பட்டியலில் சேர்த்த டொமைன், கடைசியாகப் பயன்பட்டதிலிருந்து 45 நாள் கழித்துத் தானாக நீங்கும்படிதான் இயல்பு அமைப்பு இருக்கிறது. மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) உள்ள மெயிலை இப்படி டொமைனை அனுமதிக்கும் பட்டியல் காப்பாற்றாது. சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. 2019இல் யாரோ போட்ட வொயிட்லிஸ்ட், அந்தப் பையரோடு வியாபாரமே நின்ற பிறகும் திறந்து கிடப்பதை நிறைய ஆபீஸ்களில் பார்க்கலாம்.

தளர்த்துவது, தானாக அழிப்பது

ஸ்பேம் ஃபில்டரையே தளர்த்துவது பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. முக்கிய மெயில் தப்பாது, உண்மைதான். ஆனால் தினம் நூறு குப்பைக்கு நடுவில் வரும் ஆர்டரைக் கண் தவறவிடும். அதுவும் தொலைந்த மாதிரிதான். இதற்கு நேர் எதிரான தவறு, சிபேனலில் இருக்கும் 'ஆட்டோ டெலீட்'. குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டிய மெயிலை அது அழித்தே விடும். போல்டரிலும் இருக்காது, அனுப்பினவருக்கும் தெரியாது. வியாபார மெயிலுக்கு அது வேண்டவே வேண்டாம். இயக்கத்தில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

குவாரன்டைனா, திருப்பி அனுப்புவதா?

கொஞ்சம் பெரிய ஆபீஸ்களில் சந்தேக மெயிலை ஸ்பேம் போல்டருக்குக்கூட விடாமல் குவாரன்டைனில் நிறுத்துவார்கள். அட்மின் பார்த்து விடுவிக்க வேண்டும், அல்லது குவாரன்டைனில் என்னென்ன நிற்கிறது என்று ஊழியருக்கு ஒரு பட்டியல் மெயில் போகும். ஆபத்தான லிங்க்கை ஊழியர் தெரியாமல் தொடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் என் முதல் கேள்வியில் குவாரன்டைன் தோற்றுப்போகும். பட்டியல் மெயிலை யாரும் திறப்பதில்லை; அட்மின் லீவில் இருப்பார். மைக்ரோசாஃப்ட் 365இல் ஸ்பேம் குவாரன்டைனில் மெயில் அதிகபட்சம் 30 நாள்தான் இருக்கும். குவாரன்டைன் வைப்பதானால், தினம் இத்தனை மணிக்கு இன்னார் பார்க்க வேண்டும் என்று ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அவர் லீவு போட்டால் அடுத்தவர் யார் என்பதையும் சேர்த்து.

வாசலிலேயே மறுப்பது முரட்டுத்தனமாகத் தெரியும். நம் சர்வர் மெயிலை வாங்கிக்கொள்ளாமல் 550 என்று தொடங்கும் மறுப்பை அனுப்பும் சர்வரிடம் சொல்லிவிடும். உங்கள் மெயில் போகவில்லை என்று அனுப்பினவருக்குத் தகவல் வரும். அவர் உடனே போன் அடிப்பார், இல்லை வாட்ஸ்அப்பில் கேட்பார். மெயில் சேரவில்லை என்பது அன்றே இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். ஆர்டர் சிஸ்டம் தானாக அனுப்பும் மெயிலில் மட்டும் இந்தத் தகவல் ஆளில்லாத பெட்டிக்குப் போய்விடலாம். மற்றபடி, மிகத் தெளிவான ஸ்பேமை வாசலில் மறுத்துவிட்டு, சந்தேகம் உள்ளதை ஊழியரின் ஸ்பேம் போல்டருக்கே விடுவதுதான் சின்ன ஆபீஸுக்குச் சரிவரும் என்று நினைக்கிறேன்.

அனுப்புகிறவர் பக்கம் சரிசெய்வது

நேரம் பிடிக்கும் வழி இது. ஆனால் மற்றதெல்லாம் நோயை மறைக்கும். இது ஒன்றுதான் நோயைத் தீர்க்கும்.

அடிக்கடி வரும் புகார் ஒன்று: "பையர் கையால அனுப்புற மெயில் எல்லாம் ஒழுங்கா வருது, பர்ச்சேஸ் ஆர்டர் மட்டும் ஸ்பேமுக்குப் போகுது." ஜிமெயிலில் இரண்டு மெயிலையும் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரிகள் தெரியும். எஸ்பிஎஃப் என்பது, இந்த டொமைன் சார்பில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று டொமைன்காரரே டிஎன்எஸ்ஸில் (டொமைன் விவரங்களின் பொதுப் பதிவேடு) எழுதிவைத்த பட்டியல். டிகிம் என்பது மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து. இந்த இரண்டில் ஒன்றாவது தேறி, தேறிய டொமைனும் 'ஃப்ரம்' முகவரியின் டொமைனும் பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க்.

பையர் கையால் அனுப்பிய மெயிலில் மூன்றும் பாஸ். பர்ச்சேஸ் ஆர்டரில் எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் மட்டும் ஃபெயில் என்று இருக்கும். குழப்பமாகத் தோன்றும், ஆனால் டொமைன் பெயர்களைப் படித்தால் விளங்கிவிடும். ஆர்டர் பையரின் மெயில் சர்வரிலிருந்து வரவில்லை. அவர் வாங்கியிருக்கும் இஆர்பி சேவை (ஆர்டர், கணக்கு வேலைகளை நடத்தும் மென்பொருள்) அனுப்புகிறது. எஸ்பிஎஃப் தேறியதும் கையெழுத்து போட்டதும் அந்த இஆர்பி கம்பெனியின் டொமைன். 'ஃப்ரம்'மில் இருப்பது பையரின் பெயர். பொருந்தவில்லை. நம் ஃபில்டர் தப்பு செய்யவில்லை, போலி மெயிலும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். பையரின் ஐ.டி. ஆட்கள், இஆர்பி கம்பெனி கொடுக்கும் டிகிம் பதிவைத் தங்கள் டிஎன்எஸ்ஸில் சேர்த்து, அந்தச் சேவையிலும் அதை இயக்கினால் தீர்ந்தது. நமக்கு மட்டுமா, அவர்களுடைய எல்லா சப்ளையருக்கும் தீரும்.

இதை அவர்களிடம் கேட்க இப்போது கூச்சப்பட வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி முதல், தன் பயனர்களுக்கு மெயில் அனுப்பும் எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இருக்க வேண்டும் என்றும், நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு டிமார்க்கோடு மூன்றும் வேண்டும் என்றும் ஜிமெயில் விதி போட்டிருக்கிறது. யாஹூவும் சேர்ந்தே இறங்கியது.

கேட்கும்போது ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள், அதை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தில் இருக்கும் முழு ஹெடரையும் (மெயில் வந்த வழியையும் சோதனை முடிவுகளையும் காட்டும் வரிகள்) காப்பி செய்து ஒரு டெக்ஸ்ட் பைலாக இணையுங்கள். "கையால் அனுப்பும் மெயிலில் டிமார்க் பாஸ், ஆர்டர் சிஸ்டம் அனுப்பும் மெயிலில் ஃபெயில், இரண்டின் ஹெடரும் இணைத்திருக்கிறேன், உங்கள் ஐ.டி. பிரிவுக்கு அனுப்புங்கள்" என்று எழுதினால் போதும். "உங்கள் மெயில் வரவில்லை" என்று பொதுவாக எழுதினால் அது பையரின் மெர்ச்சண்டைசர் மேஜையிலேயே நின்றுவிடும்.

மூன்றும் பாஸ் ஆகியும் ஸ்பேமுக்குப் போனால் கோளாறு வேறு. அனுப்பும் ஐபியின் பெயர் கெட்டிருக்கலாம், அல்லது மெயிலின் லிங்க்கோ இணைப்போ சந்தேகம் கிளப்பியிருக்கலாம். அப்போது 'நாட் ஸ்பேம்' அழுத்துவதும், மைக்ரோசாஃப்ட் 365 என்றால் அட்மின் வழியாகத் தவறான தடுப்பு என்று புகார் பதிவதும்தான் சரியான வழி. அடையாளம் தேறிவிட்ட டொமைன் என்பதால், சோதனையோடு கூடிய வொயிட்லிஸ்ட்டில் தயங்காமல் போடலாம்.

பையர் மாற்ற மாட்டேன் என்றாலோ, மாற்ற மூன்று மாதம் ஆகும் என்றாலோ? முழு டொமைனையும் திறக்காதீர்கள். ஆர்டர் வரும் அந்த ஒரு முகவரி, அது வரும் இஆர்பி சேவையின் கையெழுத்து, இரண்டும் சேர்ந்திருந்தால் மட்டும் விடு என்று சர்வரில் ஒரு விதி எழுதச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் 365இல் மெயில் ஃப்ளோ விதியாக இதைச் செய்யலாம். விதியின் குறிப்பில் எந்தப் பையருக்காக, எந்தத் தேதியில், யார் சொல்லிப் போட்டது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்த வழியாக வரும் மெயிலிலும் பேங்க் அக்கவுண்ட் மாற்றம் என்று ஒரு வரி இருந்தால், மெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்லாமல், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பழைய நம்பருக்குப் போன் செய்து கேட்ட பிறகே பணம் போக வேண்டும்.